அயர்லாந்துச் சம்பந்தம் விசாரித்தது

அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஒரு குக்கிராமத்தில், நூறு வருடத்துக்கு முன் எத்தனை வீட்டுக்குப் புல்லுக்கூரை, எத்தனை வீட்டுக்குக் கல்லோட்டுக் கூரை என்று என் கணவரை நித்திரையால் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்து ஓரத்துத் தகனினியில் எங்கள் வீட்டுக் குளியலறைக் கூரை அப்போது ஏழு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அது மட்டும் அவருடைய கண்ணில் படவில்லை. நான்தான் கீழே பேசின் வைத்து, நிரம்ப நிரம்ப ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மனுசனுக்குச் சரித்திரத்தில் ஆசை வந்துவிட்டதாக்கும் என்று நினைக்க வேண்டாம். அவர் செய்தது கலியாண விசாரணை. எங்கள் மகளைக் கட்டப்போகிறவனின் குடும்பத்தை விசாரித்துக்கொண்டிருந்தார். எங்கள் யாழ்ப்பாணத்துச் சனம் உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் புட்டுக்குழலையும் இந்தப் பழக்கத்தையும் மறக்காமல் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகும். உயிர் தப்பி ஓடி வந்தபோது படங்களை விட்டுவிட்டு வந்தோம், பத்திரங்களை விட்டுவிட்டு வந்தோம், இதை மட்டும் விடவில்லை.

தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில். மகளுக்கு அப்போது இருபத்தேழு வயது. பாபகூராவில் மருந்தாளராக வேலை. மூன்று வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள், நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். அன்றைக்கு, “நான் கலியாணம் கட்டப் போறன்” என்பதை மட்டும் தமிழில் சொன்னாள். மிச்சத்தை ஆங்கிலத்தில் கொட்டினாள். பையன் இங்கே பிறந்த வெள்ளைக்காரன். குழாய் வேலை செய்கிறவன். இரண்டு வருடப் பழக்கம். நல்லவன்.

மனுசன் வெள்ளைக்காரனில் தடக்கி விழுவார் என்று நினைத்தேன். அதைத் தாண்டினால் குழாய் வேலையில் நிச்சயம் விழுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டையும் தாண்டிப் போய் வேறோர் இடத்தில் நின்றார்.

“அவை என்ன ஆக்கள்?”

“கிவி” என்றாள் மகள். நியூசிலாந்துக்காரர் தங்களை அப்படித்தான் சொல்லுவார்கள்.

“அது சரி பிள்ளை. அதுக்கு முதல்?”

“ஐரிஷ் எண்டு அவன்ர அம்மா சொல்லுறவா.”

“அயர்லாந்திலை என்ன ஆக்கள்?”

எங்கள் ஊர்க்காரர் சாதி என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டார்கள். அவ்வளவு நாகரிகம். என்ன ஆக்கள் என்றுதான் கேட்பார்கள். மகளுக்கு அது பிடிபடவில்லை. “நல்ல ஆக்கள் அப்பா” என்று வெள்ளை மனதோடு சொல்லிவிட்டு மீன்குழம்பை ஊற்றிக்கொண்டாள். எனக்குப் பிடிபட்டது. கரண்டியைச் சட்டிக்குள் போட்ட சத்தம் எனக்கே பெரிதாய்க் கேட்டது.

“விசர்க்கதை கதைக்காதேங்கோ” என்றேன். “வெள்ளைக்காரரிலை ஆக்கள் பாக்கிற முதல் மனுசன் நீங்கள்தான்.”

“பேசாமல் இரும். உமக்கு உதெல்லாம் விளங்காது. சனம் எண்டா எங்கையும் மேலை கீழை இருக்கும். விசாரிக்காமல் பெட்டையைக் குடுக்கிறதே?”

என் கணவர் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதுதான் அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். பதிவேடுகளோடு வாழ்ந்தவர். ஆக்லாந்துக்கு வந்தபின் இருபது வருடம் ஒரு சாமான் கிடங்கில் பெட்டி அடுக்கினார். முழங்கால் இரண்டும் போய், வேலையை விட்டு வீட்டில் இருந்து, தொலைக்காட்சியில் கிரிக்கெட்டையும் குசினியில் என்னையும் மேற்பார்வை செய்துகொண்டிருந்த காலம் அது. கடவுளாகப் பார்த்து அவருக்கு ஒரு கோப்புத் திறந்து கொடுத்ததுபோல இருந்திருக்க வேண்டும். அடுத்த நாளே ஒரு புதுக் கொப்பி வாங்கி, அட்டையில் பையனின் குடும்பப் பெயரை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

முதலில் நடந்தது எல்லாம் அவருக்குச் சாதகமாகத்தான் நடந்தது. பையனின் தாய் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பள்ளிக்கூடம் ஒன்றில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர், கலகலப்பான மனுசி. என் கணவர் சோற்றைக் குழைக்கவும் மறந்து, “உங்கள் முன்னோர்கள்?” என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு அவ்வளவும் போதும். தன்னுடைய பூட்டன் அயர்லாந்தில் ஒரு கோட்டையில் பிறந்தவராம். பிரபு ஒருவரின் கடைசி மகனாம். வேற்று மதத்துப் பெண்ணொருத்தியைக் காதலித்து, தகப்பனோடு கோபித்துக்கொண்டு, ஒரு வெள்ளித் தேநீர்ச் சாடியை மட்டும் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறி ஆக்லாந்துக்கு வந்தவராம். சாடி எங்கே என்று நான் கேட்டேன். அது எப்போதோ தொலைந்துவிட்டதாம். தொலையாமல் என்ன செய்யும்!

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வடகம் பொரிக்க எழும்பினேன். என் மனுசனைப் பார்க்க வேண்டுமே! முகம் மத்தாப்பு. அந்த அம்மா போன கையோடு லண்டனுக்கும் பாரிசுக்கும் போன் போட்டார். “காணி பூமி உள்ள ஆக்கள். கோட்டை இருந்திருக்கு. தகப்பனோடை மனஸ்தாபத்திலை வந்தவை” என்று ஊர் முழுக்கப் புளுகினார். குழாய் வேலை? அது சும்மா ஒரு பொழுதுபோக்கு என்கிற மாதிரிச் சொன்னார். பிளாட் புஷ்ஷில் இருக்கும் என் மலேசியத் தமிழ்ச் சிநேகிதி இதைக் கேட்டுவிட்டு, “என்ன அக்கா, நியூசிலாந்துல உக்காந்துகிட்டு அயர்லாந்துல சாதி பாக்குறாரா? மேலோகத்துக்கு விசா கெடச்சாலும் அங்கயும் விசாரிப்பார் போல” என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கச்சேரிக்காரருக்கு வாய்ப்பேச்சு போதாது, அத்தாட்சி வேண்டும். ஊரில் என்றால் யாராவது ஒருவர் சைக்கிளில் போய், அந்த ஊர்த் தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்து, “உந்த வீட்டுக்காரர் எப்பிடி?” என்று மெல்ல வாயைக் கிண்டி வருவார். அயர்லாந்துக்கு யாரை அனுப்புவது? ஆள் இருந்தது. இவருடைய ஒன்றுவிட்ட அண்ணரின் மகன் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் டொக்டர். அந்தப் பாவப்பட்ட பிள்ளை ஒரு விடுமுறை நாளில் மினக்கெட்டு நாலு மணித்தியாலம் கார் ஓடி அந்த அம்மா சொன்ன கிராமத்துக்குப் போனான். தேத்தண்ணிக் கடை இல்லாதபடியால் சாராயக் கடைக்குள் போயிருந்து, இன்ன குடும்பம் என்ன மாதிரி என்று விசாரித்திருக்கிறான். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் அதே குடும்பப் பெயராம். நியூசிலாந்திலிருந்து சொந்தக்காரன் வந்திருக்கிறான் என்று நினைத்து ஆளாளுக்கு வாங்கிக் கொடுத்து, பிள்ளை அன்றிரவு காரை எடுக்க ஏலாமல் அங்கேயே படுத்துவிட்டு வந்தான். விசாரணை அறிக்கை: “சித்தப்பா, எல்லாரும் அன்பான ஆக்கள். இனி என்னை அனுப்பாதேங்கோ.”

பிறகுதான் என் கணவர் பாபகூரா நூலகத்துக்குப் போகத் தொடங்கினார். அங்கே புதன்கிழமைகளில் குடும்ப வரலாறு தேடுகிற வெள்ளைக்கார அம்மாமார் ஆறேழு பேர் கூடுவார்கள். இவர் மகளுடைய மாமியார் வீட்டுக்கு வம்சாவளி எழுதுகிறாராம் என்று கேட்டதும் அவர்களுக்கு உள்ளம் உருகிப் போயிற்று. கலியாணப் பரிசு என்று நினைத்துவிட்டார்கள். இவரும் இல்லை என்று சொல்லவில்லை. கப்பலில் வந்தவர்களின் பட்டியலை எப்படிப் பார்ப்பது, தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவு எங்கே கிடைக்கும், இணையத்தில் பழைய பத்திரிகைகளில் ஒரு பெயரை எப்படித் தேடுவது என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார்கள். இவர் பதிலுக்கு நான் சுட்ட வடையைக் கொண்டுபோய்க் கொடுத்து நல்ல பெயர் எடுத்தார். வடை சுட்ட கைக்கு ஒரு நன்றி வந்ததில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். மனுசன் கெட்டிக்காரர். ஞானஸ்நானப் பதிவில் இருந்த பிறந்த வருடத்துக்கும் கப்பல் பட்டியலில் சொன்ன வயதுக்கும் மூன்று வருட வித்தியாசம் இருந்ததை அந்த அம்மாமார் ஒருவரும் கவனிக்கவில்லை. “இளந்தாரிகளுக்குத்தான் கப்பல் கூலி அரசாங்கம் குடுத்தது. பெடியன் வயசைக் குறைச்சுச் சொல்லியிருக்கிறான்” என்று கண்டுபிடித்தார். விசாவுக்காக வயது மாற்றின ஆட்களை எத்தனை பேரை நாங்கள் பார்த்திருக்கிறோம்! அந்த வித்தையெல்லாம் எங்களுக்குப் பாலபாடம்.

இதற்கிடையில் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக் கக்கூசு அடைத்துக்கொண்டது. மகள் ஒரு சொல் சொன்னதும் பையன் வந்துவிட்டான். தோள்வரை கையுறை போட்டு, முழங்காலில் இருந்து, உள்ளே கையை விட்டான். என் கணவர் யன்னலோரமாக மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். பையன் வேலையை முடித்துக் கைகால் கழுவிவிட்டு, கேட்காமலே குளியலறைக் கூரையை அண்ணாந்து பார்த்து, அடுத்த வாரம் ஏணி கொண்டுவருகிறேன் என்றான். அந்த நிமிடமே எனக்கு விசாரணை முடிந்துவிட்டது. இனி எந்தப் பூட்டன் எந்தக் கோட்டையில் பிறந்தால் எனக்கென்ன?

அடுத்த புதன்கிழமை மனுசன் நூலகத்தால் வந்தபோது நடையே வேறு மாதிரி இருந்தது. முழங்கால் வருத்தம் இருக்கிற ஆள் படியில் துள்ளி ஏறினார். கொப்பியை மேசையில் வைத்துத் தட்டினார்.

“கோட்டையாம் கோட்டை! ஏழை எளியதுகளை அடைச்சு வைச்சு, வேலை வாங்கிக் கஞ்சி ஊத்துற விடுதியிலை வளந்தவன் அவன். தாய் தேப்பன் ஆரெண்டும் வடிவாய் இல்லை. கையெழுத்துத் தெரியாது, புள்ளடி போட்டிருக்கிறான்.”

“பாவம்” என்றேன்.

“என்ன பாவம்? மிச்சத்தைக் கேளும். இஞ்ச வந்து என்ன வேலை பாத்தவன் தெரியுமோ? வீடு வீடாய்க் கக்கூசு வாளி எடுத்தவன்! பத்திரிகையிலை கிடக்கு. வண்டியை ரோட்டிலை சிந்தவிட்டுப் போட்டானெண்டு கோர்ட்டிலை தண்டம் கட்டியிருக்கிறான்.” குரலில் அருவருப்பு இருந்தது. அதைவிடச் சந்தோசம் இருந்தது. “அவன்ர வம்சத்திலை வந்தவன் இப்ப குழாய் வேலை. பாத்தீரே? பரம்பரைத் தொழில் விட்டுப் போகேல்லை.”

“எங்கட கக்கூசு அடைச்ச அண்டைக்கு உங்கட பரம்பரையிலை ஆர் வந்தவை?” என்றேன்.

அது அவருடைய காதில் விழவில்லை. “இது சரிவராது” என்றார்.

சரிவராது. அந்தச் சொல்லை அதே குரலில் நான் முன்னரும் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு தங்கை. நாங்கள் ஊரில் இருந்த காலத்தில் அவள் ஒரு விஞ்ஞான ஆசிரியரை விரும்பினாள். அமைதியான மனுசன், எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது சைக்கிளை விட்டு இறங்கி நடந்து வருவார். அப்பா செத்துப்போயிருந்தார். ஆகையால் மூத்த மருமகன் என்ற அதிகாரத்தில் என் கணவர் விசாரிக்கப் போனார். மூன்று நாள் போனார். அந்த ஆசிரியரின் தாத்தா வேறொரு ஊரில் வீடு வீடாகப் போய்த் தலைமயிர் வெட்டியவர் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். முற்றத்தில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டே, “சரிவராது” என்றார். அவ்வளவுதான். என் தங்கை குசினி வாசலில் நின்றாள். நான் ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். வாயைத் திறந்து ஒரு சொல், ஒரே ஒரு சொல் நான் சொல்லவில்லை. இன்றைக்கு அதை நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கும்.

அந்த ஆசிரியர் பிறகு வேறிடத்தில் கட்டி நோர்வேயில் இருக்கிறார் என்று கேள்வி. என் தங்கை ரொறன்ரோவில் தனியாக இருக்கிறாள். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. எனக்குக் கிழமைக்கு ஒருமுறை போன் எடுப்பாள். கடைசியில், “அத்தான் சுகமோ?” என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். ஒருநாளும் அவரைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. அது எனக்கு இன்னும் பொறுக்க ஏலாமல் இருந்தது.

அன்று வயிற்றில் இருந்தவளுக்கு இப்போது அதே தகப்பன் அதே சொல்லைச் சொல்லப்போகிறார். ஆனால் இவள் குசினி வாசலில் நிற்கிற பிள்ளை இல்லை. பதிவுத் திருமணத்துக்கு நாள் வைத்தாயிற்று என்று முன்னமே சொல்லிவிட்டாள். “அப்பா வந்தால் சந்தோசம். வராமல் இருந்தால் நீங்களும் வர வேண்டாம் அம்மா. பிறகும் வர வேண்டாம்” என்று ஆங்கிலத்தில், குரல் உயர்த்தாமல் சொன்னாள். சொன்னால் செய்வாள். தகப்பனின் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது. மருந்துப் போத்தலில் பெயர் ஒட்டுகிற மாதிரி எங்களை ஒட்டி ஒரு பக்கம் வைத்துவிடுவாள். ஒரு தங்கையைப் பறிகொடுத்தாயிற்று. மகளையும் கொடுக்க என்னால் ஏலாது.

மனுசனுக்கோ ஒரு திட்டம் இருந்தது. “நாங்கள் வேண்டாமெண்டு சொல்லத் தேவையில்லை. அவையின்ர ஆக்கள் ஆரெண்டதை அவைக்கு முன்னாலை எடுத்து வைப்பம். வெக்கப்பட்டுத் தாங்களே விலகியிடுவினம். எங்களுக்கும் கெட்ட பேர் இல்லை” என்றார். ஊரில் இப்படித்தான் நடக்கும். குட்டு வெளிப்பட்டால் மாப்பிள்ளை வீட்டார் அடுத்த நாளே, சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி மெல்லக் கழன்றுவிடுவார்கள்.

பையனின் தாய் எங்களைப் பின்னேரத் தேநீருக்கு அழைத்திருந்தார். கடலைப் பார்த்த வீடு. அந்த வீட்டுக் கக்கூசே எங்கள் வரவேற்பறை அளவுக்கு இருந்தது. நாங்கள் மூவரும், பையனும், தாயும் மட்டும். என் கணவர் கோட்டுப் போட்டு, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கதிரை நுனியில் இருந்தார். கேக் வெட்டி முடிந்ததும் எழும்பினார். அவருடைய ஆங்கிலம் கச்சேரிக் கடிதத்து ஆங்கிலம். மிகுந்த மனவருத்தத்துடன் அறியத் தருகிறேன் என்று தொடங்கினார்.

விடுதியைச் சொன்னார். புள்ளடியைச் சொன்னார். கோட்டை இருந்தது உண்மை, ஆனால் அது இந்தக் குடும்பத்தினுடையது அல்ல, கோட்டைக்காரரின் நிலத்தில் அந்த விடுதி இருந்தது என்று விளக்கினார். பத்திரிகைப் பிரதியை எடுத்து, மல வாளி, வண்டி, தண்டம் என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினார். முடித்துவிட்டு, தீர்ப்புச் சொன்ன நீதவான் மாதிரி உட்கார்ந்தார்.

பையனின் தாய் வாயைப் பொத்தினார். கண் கலங்கியது. எனக்கு அந்தரமாய்ப் போயிற்று. என் கணவர் என்னைப் பார்த்து, எப்படி என்கிற மாதிரி ஒரு புருவத்தைத் தூக்கினார்.

பிறகு அந்த அம்மா பாய்ந்து வந்து என் கணவரைக் கட்டிப்பிடித்தார்.

இப்படி ஒரு பரிசை வாழ்நாளில் யாரும் எனக்குத் தந்ததில்லை என்றார். கோட்டைக் கதை பொய் என்று எனக்கு எப்போதுமே உள்ளுக்குள் தெரியும் என்றார். எழுதப் படிக்கத் தெரியாத, தாய் தகப்பன் இல்லாத ஒரு பிள்ளை, வாளி தூக்கி எங்களை ஆளாக்கினானே என்று தேம்பினார். பையன், “எங்கள் பரம்பரையே ட்ரெயினேஜ்!” என்று கைதட்டிச் சிரித்தான். பத்திரிகைப் பிரதியைச் சட்டம் போட்டுக் கலியாண விருந்தில் வாசலில் மாட்ட வேண்டும் என்றான். குளிர்பெட்டியிலிருந்து ஒரு போத்தல் வந்தது. பூட்டனின் பெயரால் கோப்பைகள் மோதின.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அவர்களிலும் கொஞ்சம் எரிச்சல் வந்தது. கடலைப் பார்த்த மூன்று மாடி வீட்டில் இருந்துகொண்டு பூட்டனின் வாளியில் பெருமைப்படுவது சுகமான வேலை. கோட்டை இருந்தபோது கோட்டையில் பெருமை, கோட்டை போனதும் வாளியில் பெருமை! எதைக் கொடுத்தாலும் பெருமையாக்கிவிடுகிற சனம். ஆனாலும் என் மனுசனின் முகத்தைப் பார்த்ததில் அந்த எரிச்சலெல்லாம் பறந்துவிட்டது. கொள்ளிக்கட்டை கொண்டுபோன ஆளுக்கு மாலை போட்டு இருத்தினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தார், கையில் வைன் கோப்பையோடு.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பெரிய தாளை மேசையில் விரித்தார். இரண்டு குடும்பத்தையும் ஒரே மரமாக எழுதிக் கலியாணத்துக்கு வைக்கலாம் என்றார். என் பக்கம் திரும்பி, உங்களுக்குச் சகோதரர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்.

“ஒரு தங்கை” என்றேன்.

எழுதினார். பக்கத்தில் சமன்குறி மாதிரி இரண்டு கோடு போட்டார். கணவர் பெயர்?

“இல்லை.”

“கலியாணம் செய்ய விரும்பவில்லையா?” பழைய அதிபர் அல்லவா, வெளிப்படையாகக் கேட்டார்.

என் கணவர் இருமினார். இருமல் எனக்குத்தான் என்று தெரியும். இத்தனை வருடமாக எனக்கு விளங்குகிற இருமல்.

“விரும்பினாள்” என்றேன். என் ஆங்கிலம் முதியோர் இல்லத்தில் ஆட்களைக் குளிக்க வார்த்துப் பழகின ஆங்கிலம். அது போதுமாக இருந்தது. “என் கணவர் அந்த மனிதனின் குடும்பத்தையும் இதேபோல ஆராய்ச்சி செய்தார். பிறகு கலியாணம் வேண்டாம் என்று சொன்னார்.”

மகள் கோப்பையை வைத்தாள். சித்தி ஏன் தனியாக இருக்கிறாள் என்று சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் நான் ஏதோ மழுப்பியிருக்கிறேன். “அப்பா?” என்றாள். அவர் தாளைப் பார்த்தார். “அந்த ஆள் என்ன செய்தவர்?” என்று மகள் என்னைக் கேட்டாள்.

“அவர் ஒன்றும் செய்யவில்லை” என்றேன். “அவருடைய தாத்தா தலைமயிர் வெட்டுகிறவர்.”

எல்லோரும் காத்திருந்தார்கள். பையன், தாய், மகள் மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா தலைமயிர் வெட்டினார், பிறகு? கொலை செய்தாரா? யாரையாவது ஏமாற்றினாரா? நானும் சொல்லுவதற்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினேன். ஊரில் அந்த ஒரு வசனம் போதும், கேட்டவுடனே எல்லோரும் தலையாட்டுவார்கள். கடலைப் பார்த்த அந்த வீட்டில், ஆங்கிலத்தில், அதற்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை.

“அவ்வளவுதானா?” என்று மகள் தகப்பனைக் கேட்டாள். தமிழில் கேட்டாள்.

பையனின் தாய் அந்த இரண்டு கோடுகளையும் அழிக்கவில்லை, நிரப்பவுமில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தேநீர் வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

மோட்டார்வேயில் நான்தான் காரை ஓட்டினேன். மனுசன் வழக்கமாக நான் ஓட்டினால் பக்கத்தில் இருந்து பிரேக் போடுவார். அன்றைக்கு அவருடைய கால் அசையவில்லை. தகனினிக்குத் திரும்புகிற இடத்தில் வாயைத் திறந்தார்.

“நான் பதிவுக்கு வாறன்.”

“அதை என்னட்டைச் சொல்லாதேங்கோ. அவளுக்குச் சொல்லுங்கோ.”

“பிள்ளைக்கு நீர் சொல்லிவிடுமன்.”

“நான் பிள்ளையைச் சொல்லேல்லை. என்ர தங்கச்சியைச் சொன்னனான். அவளுக்கு நீங்கள் உங்கட வாயாலை சொல்லவேணும். இல்லாட்டி நானும் பிள்ளையும் எங்கட பாட்டிலை போறம்.” பிந்தித்தான் சொன்னேன். ஆனால் சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் காலை சவரம் செய்து, சட்டை மாற்றி, குசினி மேசையில் போனோடு வந்து இருந்தார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கதைப்பார். நான் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அங்கே பின்னேரம். தங்கை உடனே எடுத்தாள்.

“அத்தானோ?” என்றாள். “என்ன அத்தான்? அக்காவுக்கு ஏதும் வருத்தமோ?” இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறையும் தானாக அவளுக்கு எடுத்ததில்லை.

“இல்லை, இல்லை. எல்லாரும் சுகம். பிள்ளைக்குக் கலியாணம் சரிவந்திருக்கு. நீர் கட்டாயம் வரவேணும்.”

“நல்ல சந்தோசம் அத்தான். வெள்ளைக்காரப் பெடியனெண்டு அக்கா சொன்னவா.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். “விசாரிச்சனீங்களோ?”

அவர் என்னைப் பார்த்தார். நான் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“ஓம். விசாரிச்சனான்.”

“என்னவாம்?”

“தாயின்ர பூட்டன்…” என்று நிறுத்தினார். செருமிக்கொண்டார். “கக்கூசு வாளி எடுத்தவராம்.”

லைன் அறுந்துவிட்டதாக்கும் என்று, “ஹலோ, ஹலோ” என்றார்.

“கேக்குது அத்தான். அது தெரிஞ்சும் நீங்கள் ஓம் எண்டு சொல்லிப்போட்டீங்களோ?”

“ஓம்” என்றார்.

“அவரின்ர தாத்தா தலைமயிர்தானே அத்தான் வெட்டினவர்” என்றாள் என் தங்கை.